பல்லாவரத்துக் கல்

கொல்கத்தா நகரின் பழைய தேவாலயங்களுள் ஒன்று தூய யோவான் தேவாலயம். 1787ஆம் ஆண்டில் எழுந்த அத்தேவாலயத்தின் வளாகத்தில், அதனினும் ஏறத்தாழ நூறாண்டு மூத்ததாகிய எண்கோணக் கல்லறை மண்டபம் ஒன்று உளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக விளங்கிய யோபு சார்னோக் என்பார் அதில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். மண்டபத்தினுள் பதிக்கப்பட்ட கரிய பலகைக்கல்லில் அவர் பெயர் இலத்தீன் மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் மறைந்தது இக்காலக் கணக்கின்படி 1693ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள். கல்லிலோ 1692 என்றே காணப்படும். அக்கால ஆங்கிலேயர்க்கு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாளன்றே புத்தாண்டு பிறந்தமையின் இவ்வேறுபாடு நேர்ந்தது. கல்லின்மேல் எழுத்தாயினும் காலமறிந்தே படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த எழுத்தைப் படித்தவர் பலர். எழுத்தைத் தாங்கிய கல்லைப் படித்தவர் ஒருவர். அவ்வாறு படித்ததன் பயனாகத் தமிழ்நாட்டு மலையொன்றின் கல், உலகப் புவியியல் நூல்களிலெல்லாம் ஓர் ஆங்கில வணிகரின் பெயரால் வழங்கலாயிற்று. அப்பெயர் வந்த வரலாறும், பெயருக்குப் பின் நின்ற பாறை பிறந்த வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை.

வங்காளம் ஆறுகள் கொணர்ந்த வண்டல் நிலம். கங்கையின் கழிமுகத்தில் எவ்வளவு தோண்டினும் மண்ணன்றிக் கல் கிடைப்பது அரிது. விட்டுணுபுரத்துக் கோயில்கள் சுட்ட மண்ணால் அழகு பெற்றமைக்கு இந்நிலவியல்பும் ஒரு காரணம். ஆதலின் சார்னோக்கின் மருமகனாகிய சார்லசு அயர், 1695ஆம் ஆண்டளவில் மாமனாருக்கு நினைவு மண்டபம் எடுத்தபோது, அழியாக் கல்லுக்குத் தெற்கு நோக்க வேண்டியதாயிற்று. சென்னைப்பட்டினம் சார்னோக்கின் குடும்பத்திற்கு அறிமுகமான ஊரே. வங்காளத்திலிருந்து வெளியேற நேர்ந்த காலத்தில் அவர் அங்குத் தங்கியிருந்தார். அவருடைய பெண்மக்கள் 1689ஆம் ஆண்டில் கோட்டைக்குள்ளிருந்த தூய மரியாள் தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்றனர். 1690ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 24ஆம் நாள் அவர் சுதாநுதி என்னும் சிற்றூரில் வந்திறங்கியதையே கொல்கத்தாவின் தொடக்கமெனப் பின்னோர் கொண்டாடினர்.

சென்னையை அடுத்த மலைகளில் வெட்டப்பட்ட கல், கடல்வழியே ஊக்ளி ஆற்றங்கரையை அடைந்தது. அதனை வெட்டியவர் யாவர், செதுக்கியவர் யாவர், மாட்டுவண்டியில் ஏற்றிக் கரைசேர்த்தவர் யாவர் என்பதற்குக் குறிப்பேதும் இல்லை. கல்லில் எழுதப்பட்ட பெயர் ஒன்று; கல்லோடு மறைந்த பெயர்கள் பல.

இருநூறு ஆண்டுகள் கடந்தன. தாமசு என்றி ஆலந்து என்னும் இளைஞர் 1890ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்தார். பிற்காலத்தில் அத்துறைக்கே தலைவராகப் பொறுப்பேற்றவர் அவர். சென்னைக்கருகில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள பாறைகளை ஆராய்ந்திருந்த அவர், சார்னோக்கின் கல்லறைக் கல்லும் அவ்வினத்தைச் சார்ந்ததே எனக் கண்டார். 1893ஆம் ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அக்கல்லறைக் கல்லைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை வரைந்தார். மூன்று பக்கங்களுக்கு மேற்படாத அக்கட்டுரையிற்றான் 'சார்னோக்கைட்' என்னும் சொல் பிறந்தது. அவ்வினப் பாறையின் முதல் மாதிரியைத் தாம் அறியாமலேயே தலைநகருக்கு வரச் செய்தவர் சார்னோக் என்பது அவர் காட்டிய காரணம். இறந்தவர் தம் கல்லறைக்கு வந்த கல்லால் அறிவியலுக்குத் தொண்டு செய்தார் என்னும் இக்கருத்தில் மெல்லிய நகைச்சுவையும் உண்டு.

ஆலந்தின் ஆய்வுமுறை அக்காலத்திற்குள் நிலைபெற்றுவிட்டதே. பாறையை மயிரிழையினும் மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு அளவிற்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியின் வழியே ஒளியை ஊடுருவச் செய்து நோக்கும் முறை, ஷெஃபீல்டு நகரத்துச் சார்பி என்பாரால் 1850ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வளர்க்கப்பட்டது. அவ்வாறு நோக்குங்கால் கரிய கல் கருமை துறக்கும். பல்லாவரத்துக் கல்லில் நீலச்சாயல் கொண்ட குவார்ட்சும், பெல்ட்ஸ்பார் என்னும் கனிமமும், இரும்புத் தாதுவின் துகள்களும் தெரியும். இவற்றினிடையே ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம், மேடையைச் சுழற்றச் சுழற்ற, ஒருபால் இளஞ்சிவப்பாகவும் ஒருபால் பசுமையாகவும் நிறம் மாறும். சாதாரணக் கிரானைட்டில் இக்கனிமம் காணப்படுவதில்லை. இதன் இருப்பே இக்கல்லுக்குத் தனியினம் என்னும் தகுதியைத் தந்தது. வெறுங்கண்ணால் காண்பார்க்கோ உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற ஒரு மினுக்கமே அடையாளம்.

பாறைகளுக்குப் பெயரிடுவதில் இடப்பெயரைக் கொள்வதே பெருவழக்கு. எகிப்தின் சையீன் நகரால் 'சையனைட்', ஆண்டீசு மலையால் 'ஆண்டெசைட்' என வரும். 1902ஆம் ஆண்டில் ஒரிசாவின் மலைப்பகுதியில் வேறொரு பாறையைக் கண்ட வாக்கர் என்பார், அங்கு வாழும் கோண்டு மக்களின் பெயரால் அதனைக் 'கோண்டலைட்' என்றார். அவ்வழக்கின்படி பல்லாவரமோ பரங்கிமலையோ தன் பெயரைத் தந்திருத்தல் வேண்டும். பரங்கிமலை தந்திருப்பினும் அதுவும் பறங்கியர் பெயரே என்பது வேறு செய்தி! மலைக்கும் வந்தவர் பெயர், மலைக்கல்லுக்கும் வந்தவர் பெயர் என்றமைந்தது காலத்தின் விளையாட்டுப் போலும்.

தமிழில் இதற்குத் தனிப்பெயர் இருந்ததா எனின், கருங்கல் என்பதே விடை. சார்னோக்கைட்டும் கருங்கல், கிரானைட்டும் கருங்கல், அடுக்கு வரியுடைய நைசும் பல வேளை கருங்கல். சிற்பியர்க்கு வேறொரு பகுப்பு உண்டு. தட்டினால் மணியோசை எழுவதை ஆண்கல் என்றும், மெல்லோசை தருவதைப் பெண்கல் என்றும், இரண்டிலும் அடங்காததைப் பிறிதோர் இனமாகவும் அவர் கொண்டனர். ஆண்கல்லில் இறைவனையும் பெண்கல்லில் இறைவியையும் வடித்தல் மரபு. செவியால் கல்லை அறிந்த அம்முறையைப் பிழையென்று தள்ளுதல் பொருந்தாது. அது கல்லின் பயனைக் கேட்டது, பிறப்பைக் கேட்கவில்லை. பிறப்பைக் கேட்ட மொழி வேறாயிற்று. பெயரும் அம்மொழியிலேயே அமைந்துவிட்டது.

கல்லறையிலிருந்து பல்லாவரத்தை அறிந்தவர்கள், அவ்வூரிலேயே அக்கல் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் நோக்குதல் நலம். பல்லவபுரமே பல்லாவரம் ஆயிற்று என்பர். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அவ்வூர்க் குன்றைக் குடைந்து குடைவரை ஒன்று அமைத்தான். அதன் உத்தரத்தில் அவனுடைய விருதுப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அக்குடைவரை இசுலாமியர் வழிபடும் தர்காவாக மாறியது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அம்மன்னன் பெருமிதம் கொள்கிறான். அப்பெருமிதத்தின் பின்னணியைக் கே. ஆர். சீனிவாசன் ஆராய்ந்துள்ளார். அதற்கு முன் தமிழகத்தில் கல் பெரும்பாலும் இறந்தார்க்கு உரியதாயிருந்தது. நடுகல்லோடும் பெருங்கற்படைச் சின்னங்களோடும் கொண்ட தொடர்பினால் கோயிலுக்குக் கல் விலக்கப்பட்டிருந்தது என்பது அவர் கருத்து. நடுகல்லுக்குரிய துறைகளைக் கூறவந்த தொல்காப்பியர், கல்லைத் தேடிக் காணுதலையே 'காட்சி' என முதலில் வைத்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. இறந்தார்க்குரிய கல்லை மகேந்திரன் இறைவனுக்கு ஆக்கினான். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அதே சுற்றுப்புறத்துக் கல் மீண்டும் இறந்தார் ஒருவர்க்காக வெட்டப்பட்டது.

பல்லாவரத்திற்கு இன்னொரு புகழும் உண்டு. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட்டு புரூசு பூட் என்னும் புவியியலறிஞர், அங்கிருந்த சரளைக் குழியொன்றில் பழங்கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் இனங்காணப்பட்ட முதற் பழங்கற்காலக் கருவி அதுவே. அக்கருவி சார்னோக்கைட்டால் ஆனதன்று. குவார்ட்சைட்டு என்னும் கல்லால் ஆனது. ஒருகாலத்தில் மணலாயிருந்து, இறுகி மணற்கல்லாகி, மீண்டும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிய கல் அது. காலடியில் இவ்வளவு சார்னோக்கைட்டு இருந்தும் ஆதிமனிதன் அதை விடுத்து, ஆறுகள் உருட்டிக் கொணர்ந்த குவார்ட்சைட்டைத் தேர்ந்தான். கூரிய விளிம்பு பெயர்வது எக்கல்லில் என்பதை அவன் கை அறிந்திருந்தது. தமிழ்நிலத்தில் கல்லைப் பகுத்தறிந்த முதல் அறிஞன் அவனே எனலாம்.

இனிப் பாறையின் பிறப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் இதுபற்றிக் கடும்பூசலிட்டனர். செருமனியின் பிரைபர்க்கு நகரில் கற்பித்த வெர்னர், ஆதிக்கடல் நீரிலிருந்து படிந்தவையே கிரானைட்டு முதலிய பாறைகள் என்றார். எடின்பரோவைச் சார்ந்த சேம்சு கட்டன், நிலத்தடி வெப்பத்தால் உருகிய குழம்பு குளிர்ந்தே அவை பிறந்தன என்று 1785ஆம் ஆண்டில் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். காலப்போக்கில் கட்டன் கருத்து வென்றது. ஆயினும் நெருப்பில் பிறந்தவை, நீரில் படிந்தவை என்னும் இரண்டில் அடங்காத பாறைகள் எஞ்சின. முன்னரே பாறையாய் இருந்து, உருகாமலே வேறாகியவை அவை. அவற்றிற்கு உருமாறிய பாறை என்னும் பொருள்படும் பெயரை லயெல் 1833ஆம் ஆண்டில் வழங்கினார்.

சார்னோக்கைட்டு இம்மூன்றனுள் எது? ஆலந்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான நூலில், பல்லாவரம், சேர்வராயன்மலை, நீலகிரி முதலிய இடங்களின் பாறைகளை ஒரு குடும்பமாகத் தொகுத்து, அவை உருகிய குழம்பிலிருந்து குளிர்ந்தவையே என்று உறுதிபட எழுதினார். கிரானைட்டைப் போன்ற அமைப்பும், ஒரு வகையிலிருந்து மறுவகைக்குப் படிப்படியாக இயலும் தொடர்ச்சியும் அவர்க்குச் சான்றாயின. பெயர் சூட்டியவரே பிறப்புச் சான்றும் வழங்கிய நிலை அது. இருபதாம் நூற்றாண்டில் எதிர்ப்புக்குரல்கள் எழுந்தன. பிற பாறைகள் ஆழத்தில் உருமாறியே சார்னோக்கைட்டு ஆயின என்றனர் சிலர். 1955ஆம் ஆண்டில் கௌவீ என்பார் சென்னைப் பாறைகளை வேதியியல் முறையில் ஆராய்ந்து, குழம்பாய்ப் பிறந்து பின்னர் உருமாறியவை என இருதிறத்தாரையும் இணைக்கும் முடிவைக் கூறினார். 1959ஆம் ஆண்டில் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரப் பகுதியை மறுபடியும் ஆய்ந்து, ஆலந்து ஒரே குடும்பம் என்று சேர்த்தவற்றுட் சில உறவினவல்ல எனப் பிரித்துக் காட்டினார். சொற்பிறப்பியலார் ஒலியொப்புமை கண்டு உறவு கூறிப் பின்னர் மறுக்கப்படுதலை இஃது ஒக்கும்.

வழக்கைத் தெளிவித்த சான்று பல்லாவரத்தில் கிடைக்கவில்லை. கருநாடகத்தில், பெங்களூருக்குத் தெற்கே, கனகபுரத்தைச் சார்ந்த கப்பாளதுர்க்கம் என்னும் மலையடிவாரத்துக் கல்லுடைக்கும் இடமொன்றில் கிடைத்தது. அங்குள்ள கல் சாம்பல்நிற நைசு. கருமையும் வெண்மையுமாக வரிகள் ஓடும். அவ்வரிகளுக்குக் குறுக்கே, கறை படர்ந்தாற்போல, எண்ணெய்ப் பசுமையுடைய கரிய திட்டுகள் காணப்படும். சில திட்டுகள் கையகலம். சில விரிசல்களைப் பற்றி நீண்டு செல்லும். அத்திட்டுகளே சார்னோக்கைட்டு. உருகிய குழம்பு வெளியிலிருந்து புகுந்திருப்பின் வரிகளை வெட்டி விலக்கியிருக்கும். இங்கோ நைசின் வரிகள் முறியாமல் திட்டுக்குள் நுழைந்து, மெல்ல மங்கி, மறைந்துபோகின்றன. ஆதலின் இருந்த இடத்திலேயே நைசு சார்னோக்கைட்டாக மாறியிருத்தல் வேண்டும். மாற்றம் முற்றுப்பெறாமல் பாதியில் நின்றுவிட்டது. சி. எஸ். பிச்சமுத்து 1960ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் இதனை உலகிற்கு அறிவித்தார். உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட்டு என்னும் பொருளில் அவர் இட்ட தலைப்பு, அரைகுறையாய் நின்ற அக்கல்லின் நிலையை அப்படியே காட்டுகிறது. ஒரு கவிஞனின் முடிவுற்ற பாடலினும், அடித்தும் திருத்தியும் விட்ட கையெழுத்துப்படியே பாடல் பிறந்த முறையைக் காட்டும் அன்றோ?

மாற்றியது எது என்னும் வினா எஞ்சியது. 1979ஆம் ஆண்டில் சனார்த்தன், நியூட்டன், சுமித்து ஆகிய மூவர் கப்பாளதுர்க்கத்துக் கல்லை ஆய்ந்து விடை தந்தனர். நைசில் உள்ள கருநிறக் காக்காப்பொன் தன் கட்டமைப்பினுள் நீரை வைத்திருப்பது. எடையில் நூற்றுக்கு நான்கு பங்களவு அந்நீர் இருக்கும். கல்லுக்குள்ளும் ஈரம் உண்டு என்பது வெறும் உருவகமன்று. நிலத்தினடியில், 700 முதல் 800 பாகை செல்சியசு வெப்பத்தில், கரியமிலவாயு நிறைந்த பாய்மம் விரிசல்களின் வழியே மேலேறிப் பாறையில் ஊறியது. நீரின் செறிவு குறையக் குறையக் காக்காப்பொன் நிலைகுலைந்து, குவார்ட்சோடு வினைபுரிந்து, நீர் அறவே அற்ற ஹைப்பர்ஸ்தீனாகவும் பெல்ட்ஸ்பாராகவும் பிரிந்தது. உலர்ந்ததனாலேயே அது வேறு பாறை ஆயிற்று. கனிமங்களுக்குள் நுண்குமிழிகளாக அடைபட்ட கரியமிலவாயு இன்றும் காணக்கிடைக்கிறது. உப்புச்செறிந்த பாய்மங்களுக்கும், பாறையின் ஒரு பகுதி உருகி நீரை ஈர்த்துக்கொண்டமைக்கும் பங்குண்டு என்று பின்வந்தோர் சேர்த்துள்ளனர். எல்லாச் சார்னோக்கைட்டும் ஒரே வழியிற் பிறந்தவையல்ல என்பதில் இன்று பெரும்பாலார் உடன்படுவர். சில குழம்பிலிருந்தே நேராகப் பிறந்தவை. ஆலந்து முற்றிலும் தோற்கவில்லை.

இம்மாற்றம் நிகழ்ந்த ஆழம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நீலகிரிப் பாறைகள் அதனினும் ஆழத்தில் வெந்தவை. காலத்தை அளக்கச் சிர்க்கான் என்னும் சிறுமணி உதவுகிறது. அதனுள் அடைபட்ட யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாகச் சிதையும். பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். சிர்க்கான் மணியின் நடுப்பகுதி ஒருகாலத்தையும், மேல் வளர்ந்த விளிம்பு பிறிதொரு காலத்தையும் காட்டுதல் உண்டு. இவ்வளவைகளின்படி சென்னை, நீலகிரி, கப்பாளதுர்க்கம் ஆகியவற்றின் சார்னோக்கைட்டு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. தென்கோடியிலும் கேரளத்திலும் உள்ளவற்றுட் பல 55 கோடி ஆண்டளவில் மாற்றமுற்றவை. அப்போது இந்தியாவும் இலங்கையும் மடகாசுகரும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்னும் ஒரே நிலமாக இணைந்துகொண்டிருந்தன. இலங்கையின் மலைநாட்டிலும் அண்டார்க்டிகாவின் கீழ்க்கரையிலும் இதே பாறை காணப்படுவது அப்பழைய இணைப்பின் தடம்.

இருபது கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது இன்று பரங்கிமலையின் உச்சியில் வெயில் காய்கிறது எனின், அதன்மேல் இருந்த மலைகள் யாவும் மழையாலும் காற்றாலும் ஆற்றாலும் கரைந்து போயின என்பதே பொருள். கரைதல் நின்றபாடில்லை. சேர்வராயன்மலையின் உச்சியில் சார்னோக்கைட்டு வெயிலிலும் மழையிலும் சிதைந்து, கரையக்கூடியவை யாவும் கரைந்தபின் அலுமினியம் செறிந்த பாக்சைட்டாக எஞ்சியிருக்கிறது. ஆழத்தில் நீரை இழந்து இறுகிய அதே பாறை, மேலே வந்து நீரைப் பெற்று மண்ணாகிறது. அச்சேர்வராயன்மலையில்தான், ஏற்காட்டுத் தேவாலயத்தில், 1912ஆம் ஆண்டில் மறைந்த புரூசு பூட்டின் நினைவுச்சின்னம் உள்ளது. மாறாமைக்குக் கல்லை உவமை கூறுதல் கவிஞர்க்குப் பழகிய வழக்கு. மனித ஆயுளை அளவுகோலாகக் கொண்டால் அவ்வழக்கு தவறில்லை.

சார்னோக்கின் பெயருக்கு நேர்ந்த மாற்றமோ பாறையினும் விரைவானது. 2003ஆம் ஆண்டில் வரலாற்றறிஞர் குழுவின் அறிக்கையை ஏற்ற கொல்கத்தா உயர்நீதிமன்றம், சார்னோக்கை அந்நகரின் நிறுவுநராகக் கொள்ள இயலாது எனத் தீர்ப்பளித்தது. அவர் வருவதற்கு முன்பே அங்கு ஊர்கள் இருந்தன. நகரை நிறுவியவர் என்னும் சிறப்பை முன்னிட்டு ஆலந்து வைத்த பெயருக்கு அடித்தளமே அகன்றுவிட்டது. பெயர் மட்டும் அகலவில்லை. அறிவியலுக்கு அது ஓர் இடுகுறியாக நின்றுவிட்டது.

பரங்கிமலையின் சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. அம்மலைக்கு அண்மையில், பல்லாவரத்திலும் திரிசூலத்திலும், அதே கல் பல தலைமுறைகளாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுச் சல்லியாக்கப்பட்டது. சென்னையின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அது கலந்திருக்கிறது. குன்றுகள் நின்ற இடங்களிற் சில, இன்று மழைநீர் தேங்கிய ஆழ்ந்த குழிகள். செங்குத்தான அவற்றின் சுவர்களில், புதிதாய் உடைந்த முகங்களில், அந்த எண்ணெய் மினுக்கம் இன்றும் மங்காமல் தெரிகிறது.